முன்னேறிய பள்ளிக்கூடமும் ஒரு பொன்னாடையும்

எங்கள் பகுதியில் ஒரு பிள்ளைக்கு எத்தனை மார்க் என்பதைத் தாய் தகப்பன் அறிவதற்கு முன்னமே மரக்கறிக் கடையில் அறிந்துகொள்ளலாம். பாரிசில் எங்கள் கடைகள் இருக்கும் லா ஷப்பலில் முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டு நிற்பேன். பக்கத்தில் நிற்கிறவர் "உங்கடை மகனுக்குக் கணக்கிலை பதினாறாமே" என்பார். இருபதுக்குப் பதினாறு. பாராட்டுப் போலத்தான் இருக்கும். அடுத்த மூச்சில் தன் மகளுக்குப் பதினெட்டு என்பார். 2009இல் ஊரில் போர் முடிந்த பிறகு எங்கள் சனத்துக்குக் கூடிக் கதைக்க வேறு எதுவும் மிஞ்சவில்லை. இருந்த ஆவேசம் முழுவதும் பிள்ளைகளின் மார்க்கில் போய் இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

என் மூத்தவன் இந்தப் போட்டியில் எனக்கு மானம் காத்துத் தந்தவன். அவனைப் பற்றி நான் இங்கே சொல்லத் தேவையில்லை, அவனே போதிய அளவு சொல்லிக்கொள்வான். சின்னவளுக்குத்தான் வாசிப்பு வரவில்லை. பதினொரு வயதிலும் விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டு போவாள். வசனத்தின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் மறந்திருக்கும். நான் செய்யாத வைத்தியம் இல்லை. ரியூஷன் வைத்தேன். ஞாபகசக்திக்கு வல்லாரைச் சம்பல் தீற்றினேன். பஜோல் தெருப் பிள்ளையாருக்கு நேர்ந்து, தேர் அன்று நடுரோட்டில் அவள் பேரில் தேங்காய் உடைத்தேன். தேங்காய்தான் உடைந்தது.

ஆரம்பப் பள்ளி முடிந்து, கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளிக்குப் போன முதல் வருடத்தில், நூலகத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையொன்றில் ஒரு மதாம் அவளையும் இன்னும் சில பிள்ளைகளையும் தனியாக வைத்துக்கொண்டு வாசிக்கப் பழக்கினார். என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. காலையில் வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளை எனக்கு முன்னமே சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றது. அது போதும் என்று இருந்தேன். வாசிப்பு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்கப் பயம். கேட்டால் கண்ணூறு பட்டுவிடும் என்பது போல ஒரு பயம்.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரான்சில் வசதி குறைந்த பகுதிகளில் உள்ள சில அரச பள்ளிகளுக்கு முன்னுரிமை என்று ஒரு அந்தஸ்துக் கொடுப்பார்கள். அது இருந்தால் வகுப்பில் பிள்ளைகள் குறைவு, ஆசிரியர்கள் கூடுதல், பின்னேரத்தில் வீட்டுப்பாடம் சொல்லித்தர ஆள். எங்கள் சனம் அதை அந்தஸ்து என்று எடுக்கவில்லை, அவமானம் என்றே எடுத்துக்கொண்டது. அந்தப் பள்ளிக்குப் பிள்ளையை விடாமல் இருப்பதற்காக பணக்காரர் வாழும் லுக்ஸம்பூர்க் பூங்காப் பக்கம் இருக்கும் மச்சானின் விலாசத்தைக் கொடுத்தவர்களும் உண்டு. மச்சான் அங்கே இருந்தது உண்மைதான். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் பள்ளியின் பெற்றோர் பிரதிநிதி. எப்படி ஆனேன் என்று கேட்காதீர்கள். வருடத்தின் முதல் கூட்டத்தில் குளிர் தாங்காமல் யன்னலைப் பூட்டச் சொல்லிக் கை உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்து அதிபர் "யார் விருப்பம்?" என்று கேட்டிருந்திருக்கிறார். எல்லோரும் கை தட்டினார்கள். யன்னலை யாரும் பூட்டவில்லை.

பிரதிநிதியாக நான் போன ஒரு கூட்டத்தில்தான் கதை தொடங்கியது. அதிபர் உயரமான பெண், சிரிப்பது குறைவு. கன்டீன் மேசைகளைத் தள்ளி வைத்துவிட்டு எங்களை இருத்தினார். கடைசி வகுப்புப் பரீட்சையில் பள்ளியின் பெறுபேறு சில வருடங்களாகத் தொடர்ந்து ஏறி வருகிறது என்றார். உடனே எங்கள் பக்கத்தில் கைதட்டல் எழுந்தது. தொடங்கி வைத்தவர் மைக் அண்ணை. சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், தேர்த் தொண்டர் சபை எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைமை. கையில் கொடுத்த மைக்கைத் திருப்பி வாங்கியவர் பாரிசில் இல்லை என்பதால் அந்தப் பெயர்.

அதிபர் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு அடுத்ததைச் சொன்னார். பெறுபேறு ஏறியதால், இந்தப் பள்ளிக்கு இனி முன்னுரிமை தேவையில்லை என்று மேலிடம் யோசிக்கிறதாம். இதற்கு எங்கள் ஆட்கள் முன்னதைவிடப் பலமாகத் தட்டினார்கள். நன்றாகப் பிரெஞ்சு விளங்கித்தான் தட்டினார்கள். பிடித்திருந்த பீடை ஒழிந்தது என்ற சந்தோசம் அவர்களுக்கு. பின்வரிசையில் இருந்த ஆசிரியர்கள் எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

நான் எழும்பி, "அப்படியென்றால் சின்ன அறையில் படிப்பிக்கிற மதாம்?" என்று கேட்டேன்.

"அவருடைய இடம் அந்த அந்தஸ்தோடு வந்தது. அது போனால் அவரும் போவார்" என்றார் அதிபர்.

மூத்த வகுப்புப் பிள்ளைகள் நன்றாகப் படித்ததற்கு என் சின்னவள் தண்டம் கட்ட வேண்டும். முடிவெடுக்கும் முன்னர் ஒரு கல்வி அதிகாரி வந்து பள்ளியைப் பார்த்து, பெற்றோருடனும் கதைப்பார் என்றும் அதிபர் சொன்னார். உண்மை நிலையை நீங்களே அவருக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களைக் கேட்டுக்கொண்டார்.

எங்கள் ஆட்கள் அதற்குத் தயாராவதற்காக மைக் அண்ணையின் கடைப் பின்னறையில் கூடினார்கள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் கதிரை போட்டு, தலைமையுரையே நடந்தது. எங்கள் சனத்தின் இரத்தத்தில் ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. கல்வி அதிகாரி பள்ளிக்கு வருகிறார் என்றால் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், வாசலில் நிறைகுடம் வைக்க வேண்டும், கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்வாங்கில் இருத்த வேண்டும், படிப்பு ஏறாத பிள்ளைகளை வீட்டில் நிற்கச் சொல்ல வேண்டும். அங்கே இலங்கையில் அதிகாரி வந்து திருப்திப்பட்டால் பள்ளிக்கு நல்லது. இங்கே திருப்திப்பட்டால் மதாம் போய்விடுவார். இந்தச் சின்ன வித்தியாசத்தை அந்தப் பின்னறையில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை.

"ஒரு பெரிய ஆள் எங்கடை பள்ளிக்கூடத்துக்கு வாறா. வெறுங்கையோடை நிக்கேலுமே?" என்றார் மைக் அண்ணை. "பொன்னாடை, மாலை, மங்கள விளக்கு. பிள்ளையளின்ரை வரவேற்புரை. பிறகு வடை, லட்டு. சிம்பிளாச் செய்வம்."

"அண்ணை, அவ எங்களைப் பார்த்துப் பாவப்பட வேணும். அதுக்குத்தான் வாறா" என்றேன்.

"என்ன தங்கச்சி கதைக்கிறியள்? வருத்தக்காரர் மாதிரிப் படுத்துக் காட்டச் சொல்லுறியளோ?"

"ஓம் அண்ணை. அதைத்தான் சொல்லுறன்."

"தமிழன் ஆரிட்டையும் போய் எனக்கு ஏலாதெண்டு நிண்டதில்லை!"

பின்னறை அதிர்ந்தது. அந்தக் கைதட்டலோடு என் கட்சி தோற்றது. வரவேற்புரை சொல்ல நல்ல மார்க் எடுக்கும் பிள்ளைகளைத் தெரிவுசெய்தார்கள். மற்றப் பிள்ளைகள் வடை பரிமாறலாம் என்று முடிவானது. என் மகள் வடைப் பகுதிக்குப் போனாள்.

அந்த நாளும் வந்தது. பள்ளி வாசலில் ஆசிரியர்கள் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவால் எங்கள் பெண்கள் காஞ்சிபுரம் சேலை சரசரக்க, தாலிக்கொடி வெளியில் தெரிய, தலையில் பூவோடு உள்ளே போனார்கள். மாலியிலிருந்து வந்த ஒரு தாய் வேலைத்தல உடுப்போடு ஓடி வந்தவர், என் கையைப் பிடித்து, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். அவர் பகிடி பண்ணவில்லை, உண்மையாகவே கேட்டார். நான் மட்டும் ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கின் கந்தோரில் பில் அடித்துவிட்டு அப்படியே வந்திருந்தேன். என்னைப் பார்த்து மைக் அண்ணையின் மனைவி, "ஒரு நல்ல சீலைகூடவோ இல்லை?" என்று காதுக்குள் கேட்டார்.

மங்கள விளக்கை அதிபர் படியிலேயே மறித்துவிட்டார். அரச பள்ளிக்குள் சமயச் சின்னம் கூடாது. "இது சமயமில்லை, கலாசாரம்" என்றார் மைக் அண்ணை. "இது நெருப்பு" என்றார் அதிபர். விளக்கும் நிறைகுடமும் வாயிற்காவலரின் அறையில் தங்கின. அவர் நல்ல மனிதர். நிறைகுடத்தில் இருந்த மாவிலைக்கும் தேங்காய்க்கும், செடி என்று நினைத்து, இடையிடையே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

கல்வி அதிகாரி மெல்லிய, கண்ணாடி போட்ட பெண்மணி. கோபமாக இருக்கும் பெற்றோரைச் சந்திக்க மனதைத் தயார்படுத்திக்கொண்டு வந்திருப்பார் போலும், தோள்கள் இறுகியிருந்தன. கன்டீன் வாசலில் கால் வைத்த உடனே இரண்டு பக்கத்தாலும் பன்னீர் தெளித்தார்கள். கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியாமல் நின்றவரின் கழுத்தில் மாலை விழுந்தது. தோளில் சிவப்புப் பொன்னாடை விழுந்தது. யாரோ கமராவைத் தூக்கிப் பிடித்து, எல்லோரையும் கிட்ட நிற்கச் சொன்னார்கள். ஆசிரியர்களும் அந்தப் படத்தில் இருக்கிறார்கள், கறுப்புப் பட்டியோடு.

பிறகு பிள்ளைகள் வரிசையாக வந்து பிசகில்லாத பிரெஞ்சில் வரவேற்புரை சொன்னார்கள். பிறகு மைக் அண்ணை. அவர் எழுந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் பள்ளியில் குறையென்று ஒன்றுமே இல்லை என்றார். இங்கே படித்து எஞ்சினியரானவர், மருத்துவம் படிப்பவர் என்று பட்டியல் போட்டார். அதில் பாதிப் பேர் லண்டனில் படித்தவர்கள். தன் மூத்த மகன் வகுப்பில் எப்பொழுதும் முதலாவது என்பதையும் இடையில் சொருகினார். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். தோள்கள் தளர்ந்துவிட்டன, முகம் மலர்ந்துவிட்டது. என் மகள் நீட்டிய தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த அதிபரிடம் திரும்பினார்.

"இவ்வளவு அக்கறையான குடும்பங்கள்! உங்கள் பள்ளி தன் காலில் நிற்கிறது, மதாம். சந்தோசப்பட வேண்டிய விஷயம்" என்றார்.

முன்வரிசையில் இருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அதிபர் என்னைப் பார்த்தார். பெற்றோரில் அந்த வசனத்தின் பொருள் முழுவதும் விளங்கியவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள்.

என்ன துணிவில் எழும்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது. எழும்பிவிட்டேன். என் பிரெஞ்சு பில் அடிக்கிற பிரெஞ்சு, அலங்காரம் கிடையாது. "மதாம், என் மகளுக்குப் பதினொரு வயது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது" என்றேன்.

எங்கள் வரிசைத் தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. எங்கள் சனத்தில் கள்ள பாஸ்போர்ட்டில் வந்ததைச் சபையில் சிரித்துக்கொண்டு சொல்லலாம். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்லக்கூடாது. என் மகள் தட்டோடு அப்படியே நின்றாள். அவள் பக்கம் பார்க்காமல் மிச்சத்தையும் சொன்னேன். சின்ன அறையைச் சொன்னேன், அந்த மதாமைச் சொன்னேன், வயிற்று வலி நின்றதைச் சொன்னேன். கெட்டிக்காரப் பிள்ளைகளை உங்களுக்குக் காட்டினார்கள், மற்றவர்கள் வடை கொண்டு திரிகிறார்கள், வடை தந்த பிள்ளைகளிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள் என்றேன்.

"தங்கச்சி, இருங்கோ, இருங்கோ" என்று மைக் அண்ணை கையால் அமத்தினார்.

அப்பொழுது பின்னாலிருந்து, தையல் வேலை செய்யும் ஒரு பெண் எழும்பினார். மன்னார்க்காரர், கூட்டங்களில் வாயே திறக்காதவர். "உங்கடை பிள்ளையாவது எழுத்தெழுத்தா வாசிக்குது. என்ரை பெடியன் புத்தகத்தைக் கண்டாலே மேசைக்குக் கீழை போயிடுவான்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. இன்னொருவர் எழும்பித் தன் மகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது என்றார். "ஏழோ? என்ரையவனுக்கு மூண்டே வராது" என்றார் பக்கத்தில் இருந்தவர். எங்கள் சனத்துக்கு ஒரு குணம் உண்டு, போட்டி என்று வந்துவிட்டால் எதிலும் இரண்டாவதாக வரப் பொறுக்காது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பினார்கள். யாருடைய பிள்ளை ஆகவும் மோசம் என்பதில் கன்டீன் இரண்டு பட்டது. மாலிக்காரத் தாயும் எழும்பித் தன் மகனைப் பற்றிச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒருவர் "அது பரவாயில்லை" என்று அவரைத் தட்டிக்கழித்தார். எனக்கு மொழிபெயர்த்து நாக்கு வறண்டுவிட்டது.

மைக் அண்ணை இந்த அழிவைத் தடுக்க மைக்கை வாயருகே கொண்டுபோனார். அவர் மனைவி அதை அவர் கையிலிருந்து பறித்தார். நான் அறிய அது முதல் தடவை.

"எங்கடை மூத்தவன் முதலாவது எண்டு இவர் சொன்னதைக் கணக்கிலை எடுக்காதையுங்கோ" என்றார் நிதானமாக. "அவனைப் போன வருசம் அதே வகுப்பிலை திருப்பி இருத்தினவை. பதினைஞ்சு வயசு. முள்ளு மணிக்கூடு பாக்கத் தெரியாது."

"இஞ்சை, என்னப்பா நீர்..." என்றார் மைக் அண்ணை.

"இருங்கோ பேசாமல். அவனுக்கும் அந்த மதாமைத் தரச் சொல்லிக் கேக்கப்போறன்."

அதிகாரி பொன்னாடையோடு, குறித்த நேரத்தைத் தாண்டியும் இருந்தார். வடை பரிமாறிய பிள்ளைகளில் சிலரைக் கூப்பிட்டுக் கதைத்தார். சின்ன அறையைப் பார்க்கப் போனார். மாலையைக் கழற்ற மறந்துபோய் அப்படியே தெருவில் இறங்கிப் போனார். முடிவு அடுத்த வருடம்தான் வந்தது. முன்னுரிமை நீடித்தது. எங்கள் கன்டீன் கூத்தினால்தான் நீடித்ததா என்று எனக்குத் தெரியாது. மைக் அண்ணைக்குத் தெரியும். தான் போட்ட பொன்னாடைதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஆனால் அன்று பின்னேரம் எனக்கு முடிவைப் பற்றி யோசனையில்லை. மகளோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். அவள் எனக்கு முன்னால் விறுவிறென்று போனாள். ஊர் முழுக்க நிற்க, இவளுக்கு வாசிக்கத் தெரியாது என்று பெற்ற தாய் ஒலிபரப்பியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்போமா, பிட்ஸா வாங்கிக் கொடுப்போமா என்று யோசித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

சின்னப் பூங்காவின் கேற்றடியில் நின்றாள். அங்கே நகரசபையின் அறிவித்தல் பலகை ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் போய், கைகளைக் கட்டிக்கொண்டு, பலத்த குரலில் வாசிக்கத் தொடங்கினாள். நாய்களைக் கூட்டி வருபவர்கள் கயிற்றில் கட்டியே கொண்டுவர வேண்டும். கழிவை உரிமையாளரே அகற்ற வேண்டும். தவறினால் இன்ன சட்டத்தின் இன்ன பிரிவின்படி தண்டம். பலகை நீளமானது, சட்டத்துறையின் வாய்க்குள் நுழையாத பிரெஞ்சு. விரல் வைக்கவில்லை. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கோபத்தில் மூச்சு வாங்கத்தான் இரண்டு தரம் நின்றாள். நாய்க்காரர் ஒருவர் தன்னைத்தான் சொல்கிறாளென்று பயந்து, குனிந்து சுத்தம் செய்தார்.

நான் அந்தக் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"கிறிஸ்மஸ் லீவுக்கு முன்னால் இருந்து" என்று பிரெஞ்சில் சொன்னாள்.

"மதாமுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அவவுக்கு முன்னால் மெதுவாகத்தான் வாசிக்கிறேன்."

"ஏனம்மா?"

இவ்வளவும் விளங்காத ஒரு தாயா என்பது போல என்னைப் பார்த்தாள். "வாசிக்க வந்துவிட்டது என்று தெரிந்தால் என்னைப் பெரிய வகுப்புக்கு அனுப்பிவிடுவா. பிறகு எனக்கு மதாம் இல்லை. நன்றாகச் செய்தால் எடுத்துவிடுவார்கள், அம்மா. நீங்களும்தானே இன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள்."

அதிபர் கூட்டம் போட்டு, ஆசிரியர்கள் கறுப்புப் பட்டி கட்டி, நான் மானத்தை விட்டு விளங்கப்படுத்தியதை இந்தப் பிள்ளை எங்களுக்கு முன்னமே விளங்கிக்கொண்டு, ஒரு அறையில் தனியாக, வருகிற வாசிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு சந்தோசம் வந்தது. பிறகு வந்த அழுகையில் மற்ற இரண்டும் போய்விட்டன. பூங்காவுக்கு வந்த சனத்துக்கும் நாய்களுக்கும் முன்னால் நின்று அழுதேன்.

அவளுக்குக் கோபம் ஆறியிருக்க வேண்டும். கிட்ட வந்து என் கைப்பையைத் திறந்து ரிசுக் கடதாசி எடுத்துத் தந்தாள்.

"அப்ப நான் அந்த அதிகாரிக்குப் பொய்தானே சொல்லிப்போட்டன்" என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லட்டே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, என் வாயை அடக்குவதற்காக, தமிழில் சொன்னாள்.

"வேண்டாம் அம்மா. எனக்கு இன்னும் எழுத வராது."